தோணிக்கு ஏற்றிய பாட்டுகள்

என் அப்பா தோணித் தண்டல். கப்பலுக்கு கேப்டன் என்றால் தோணிக்குத் தண்டல். பழைய துறைமுகத்தில் வெங்காயமோ காய்கறியோ செங்கல்லோ, கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போய் இறக்கிவிட்டு வருவார். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வார். தன் பெயரை எழுதச் சொன்னால் கட்டைவிரலை நீட்டுவார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்ததும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

சென்னையில் ஓர் இசை நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், "எம்மவ பாட்டுக் கம்பெனியில இருக்கா" என்று அப்பா துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் பாடுகிறேன் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் பிரிவில் ஒருவருக்கும் பாட வராது. இணையத்தில் திருட்டுத்தனமாக ஏற்றப்பட்ட எங்கள் பாட்டுகளைத் தேடிப் பிடித்து, நீக்கச் சொல்லி எழுதுவது எங்கள் வேலை. காலையில் ஒன்றை நீக்க வைத்தால் மத்தியானம் அதே பாட்டு வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும். சலிப்பான வேலைதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. ஒருவர் மெட்டுப் போட்டு, ஒருவர் எழுதி, ஒருவர் தொண்டை கட்டப் பாடி உருவான பொருளை வேறொருவன் எடுத்துக்கொள்வது திருட்டு என்று நம்பித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கேசட்டையும் குறுந்தகட்டையும் விற்ற காலத்தில், விற்ற பொருள் வாங்கினவன் வீட்டில் இருந்தது. அதை அவன் நண்பனுக்குக் கொடுத்தான், நண்பன் பிரதி எடுத்தான். இப்போது நாங்கள் பாட்டை விற்பதே இல்லை. ஆப்பில் கேட்க அனுமதி கொடுக்கிறோம், மாதச் சந்தா வாங்குகிறோம். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். யாரிடமும் எதுவும் தங்காது. இதை முதலில் கேட்டபோது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று வியந்தேன்.

அதை அப்பாவின் போனிலும் போட்டுக்கொடுத்தேன். ஊழியர்களுக்கு நிறுவனம் தரும் சந்தாவில் ஆப்பை இறக்கி, அவருக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் நெட் இல்லாமலே கேட்கும்படி சேமித்துவைத்தேன். தோணியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெமரி கார்டைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டேன். தண்டல் மகள் இருக்கும் நிறுவனத்தின் பாட்டு, தண்டல் தோணியிலேயே திருட்டுப் பாட்டாக ஓடக் கூடாது என்று நினைத்தேன்.

அந்தப் பயணம் முடிந்து வந்ததும், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என் மடியில் அப்பா போனை வைத்தார்.

"நடுக்கடல்ல வச்சு ஒம் பாட்டு எங்கிட்ட இன்டர்நெட்டு கேக்குளா. அங்கன நான் யாருகிட்ட போயி கேப்பேன், சுறாகிட்டயா?"

விஷயம் எளிமையானது. சேமித்த பாட்டு என்றாலும், சந்தா உயிரோடு இருக்கிறதா என்று ஆப் அவ்வப்போது இணையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளும். பார்க்க முடியவில்லை என்றால் பூட்டிக்கொள்ளும். மாலத்தீவில் சரக்கு இறக்கத் தாமதமாகி, தோணி நங்கூரத்திலேயே கிடந்திருக்கிறது. அங்கே அப்பாவின் சிம்மில் நெட் கிடையாது. திரும்பும் வழியில் எல்லாப் பாட்டுகளும் ஓடாமல் சாம்பல் நிறமாகிவிட்டன. சமையல் பார்க்கும் பண்டாரி, "தண்டல் மவ கடையப் பூட்டிட்டுப் போயிட்டாளே" என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம்.

அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆப்பைச் செய்தவர்கள் கடல் என்ற ஒன்றை நினைத்தே பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதைவிட, அப்பா நாளைக்கே பழைய கடைக்குப் போய்விடுவார் என்பதும் தெரிந்தது.

பழைய கடை என்பது துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த செல்போன் கடை. 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். கடைக்கார அண்ணாச்சியை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. லாரிக்காரர்களிடம் காசு வாங்குவார். தோணிக்குப் போகும் கார்டுக்கு மட்டும் வாங்க மாட்டார். கடலுக்குப் போகிறவனுக்குத் தருவதை விலைக்குத் தரக் கூடாது என்பார். தோணிக்காரர்கள் திரும்பி வரும்போது மாலத்தீவிலிருந்து மாசிக் கருவாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் கேட்க மாட்டார், இவர்கள் விட மாட்டார்கள்.

நான் அப்பாவுக்கு முன்னால் அங்கே போய்விட்டேன். வெளிப்படையாகத்தான் போனேன்.

"அண்ணாச்சி, நான் வேலை பாக்கது பாட்டுக் கம்பெனில. நீங்க இப்படி ஏத்திக் குடுக்கது தப்பு. கேஸாயிரும்."

"அதான் ஒங்கப்பா சொன்னாவளே. எந்தக் கம்பெனிம்மா?"

பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இங்கன பாரு. ஒங்க கம்பெனிக்குத் தனியாவே இடம் ஒதுக்கி வச்சிருக்கேன். பழசு, புதுசு ஒண்ணு விடல. ஒங்க ஆபீஸ்லயே இவ்வளவு இருக்குமோ என்னமோ."

திரையில் எங்கள் நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. சின்னத்தைக்கூட எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, நான் சொல்றது வெளங்கலையா? அதத்தான் அழிச்சிருங்கனு சொல்லுதேன்."

"அழிச்சிட்டு? தோணிக்காரன் வார வரைக்கும் எஞ்சின் சத்தத்தையா கேப்பான்? ஒங்க கம்பெனி கார்டு விக்கா? சொல்லு, நாளைக்கே வாங்கி வைக்கேன். தகடு விக்கா? அதுவும் இல்ல. அப்ப நான் எதக் குடுக்க?"

பேசிக்கொண்டே அவர் ஒரு கார்டைச் செருகினார். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அப்பாகிட்ட குடு. ஒங்க கம்பெனி பாட்டு மட்டும்தான் போட்டிருக்கேன். வேற எவன் பாட்டும் கலக்கல. மவ கம்பெனி பாட்டுன்னு கேக்கட்டும்."

மரியாதை செய்கிறார். நான் எச்சரிக்க வந்தேன் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. வேண்டாம் என்று கார்டைத் திருப்பி நீட்டினேன். "போம்மா" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் மேலாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். நான் எச்சரித்ததையும், கேட்காமலே அவர் இலவசமாக ஒரு கார்டு கொடுத்ததையும், தோணிக்காரர்கள் அவருக்கு மாசி கொண்டுவந்து கொடுப்பதையும் எழுதினேன். கடலில் ஆப் பூட்டிக்கொள்வதை எழுதினேன். இப்படிப்பட்ட கடைகள் மூலம் நாமே பாட்டு நிரப்பிய கார்டை விற்கலாம் என்று கடைசியில் ஒரு யோசனையும் சேர்த்தேன். அதை எழுதியதற்காக நான் வருந்தவில்லை. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை.

மேலாளர் மறுநாளே போனில் கூப்பிட்டார். "ரொம்ப நல்ல ரிப்போர்ட். டைரக்டருக்கே அனுப்பிட்டேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. யோசனையைப் பற்றிக் கேட்டேன்.

"கடல்ல எத்தனை பேர் இருப்பாங்க? அவங்களுக்காகப் பழைய வியாபாரத்துக்குத் திரும்ப முடியாதும்மா. ஒரு கார்டு வெளியே போச்சுன்னா அதிலிருந்து ஊரே பிரதி எடுக்கும்."

"அப்ப அவங்க எங்க வாங்குவாங்க மேடம்?"

"அது இப்போ பிரச்சினை இல்லை. பெரிய படத்தோட பாட்டு வெளியாகப் போகுது. அதுக்கு முன்னாடி துறைமுக ஊர்கள்ல நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கணும்னு முடிவாகியிருக்கு. உன் ஊர்லயே ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. வக்கீல் வர்றார். நீ அங்கேயே இரு. அந்தக் கார்டு பத்திரம். யார்கிட்டயும் பேசாதே."

நோட்டீஸ் அனுப்புவார்கள், அண்ணாச்சி பயந்து நிறுத்துவார், ஒருவேளை என் யோசனையும் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் பத்திரிகையில் போட ஒரு புகைப்படத்துக்காக வருகிறார்கள். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம்தான் வரவேண்டும் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று நான் சாப்பிடவில்லை. பேசாதே என்று சொன்னது நிறுவனம். சம்பளம் தருவதும் அவர்கள்தான். ஆனால் அந்த மனிதரிடம் நான் ஏற்கெனவே நேரில் பேசியிருக்கிறேன். சொன்னது விளங்காத ஒருவரிடம் விளங்கும்படி இன்னொரு முறை சொல்வதில் என்ன துரோகம் இருக்கிறது? இதையே திரும்பத் திரும்ப யோசித்துவிட்டு, மறுநாள் காலை கடைக்குக் கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போதே போலீஸ் ஜீப் நின்றது தெரிந்தது.

கணினியைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒயர்கள் தரையில் இழுபட்டன. அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஜீப்பில் ஏறினார். என்னைப் பார்த்தார். அப்போதும் அவர் முகத்தில் கோபம் இல்லை. "வந்திட்டியாம்மா? இவங்கள்ட்ட சொல்லு, ஒனக்குத் தெரியுமே" என்றார். அவருக்கு உதவத்தான் நான் ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

வக்கீல் இளைஞர், தன்மையானவர். என்னை மேடம் என்று அழைத்தார். ஸ்டேஷனில் உட்கார வைத்து, தயாராகக் கொண்டுவந்திருந்த ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் என் வாக்குமூலம். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. வாடிக்கையாளராகக் கடைக்குப் போனேன், பாட்டு நிரப்பிய கார்டைக் கேட்டேன், விலை கொடுத்து வாங்கினேன் என்று அதில் இருந்தது.

"இது நடக்கலையே சார்."

"ஸ்டாண்டர்டு ஃபார்மட் மேடம். எல்லா ஊர்லயும் இதேதான்."

"நான் கேக்கலை. காசும் குடுக்கலை. மெயில்லயே எழுதியிருக்கேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா கொடுத்தார்னு போட்டா லாப நோக்கம் இல்லைனு ஆயிடும். ரிமாண்ட் கேட்க முடியாது. ரிமாண்ட் இல்லைனா செய்தி இல்லை. உங்க ஆபீஸ்ல என்ன எதிர்பார்க்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அண்ணாச்சி எதிர் பெஞ்சில் முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டால் அவர் ஜெயிலுக்குப் போவார். போடாவிட்டால் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. பேனா என் கையில் இருந்தது.

அப்போது அப்பா வந்தார். செய்தி கேள்விப்பட்டுச் சரக்கு ஏற்றும் இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார், தோளில் செங்கல் தூசி. இன்ஸ்பெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றார்.

"அதுல என்ன எழுதிருக்கு?"

"வாக்குமூலம்ப்பா."

"வாசிளா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நான் வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பள்ளியில் எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். நடக்காத ஒன்றை நான் செய்ததாக எங்கும் வாசித்ததில்லை. 'விலை கொடுத்து வாங்கினேன்' என்ற இடம் வந்ததும் அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"எப்பம்மா காசு குடுத்த?"

"குடுக்கல அண்ணாச்சி. இதுல கையெழுத்துப் போடவும் மாட்டேன்."

வக்கீல் எழுந்தார். "சார், தோணிக்காரங்க இவருக்கு மாசி கொண்டுவந்து கொடுக்கறாங்க. மேடமே மெயில்ல எழுதியிருக்காங்க. அதுவும் ஒரு விலைதான்."

"நான்தான் குடுத்தேன்" என்றார் அப்பா. "ஒமக்கும் ரெண்டு தாரேன், கொண்டு போரும். ஒம்ம கம்பெனிய எனக்கு எழுதித் தருவீரா?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். ஏட்டும் சிரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரிம்மா, நீ காசு குடுக்கல. மத்தவங்ககிட்ட வாங்குவாரா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வக்கீலின் பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அந்த நிமிஷம்தான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன். என் பொய் மட்டும் எப்படி நல்ல பொய்யாகும்?

"வாங்குவார் சார். லாரிக்காரங்ககிட்ட வாங்கிப் பாத்திருக்கேன். தோணிக்கு மட்டும் வாங்க மாட்டார்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

நானே ஒரு தாள் வாங்கித் தமிழில் எழுதினேன். நான் எச்சரித்தது, அவர் ஒளிக்காமல் திரையைத் திருப்பிக் காட்டியது, கேட்காமல் கொடுத்தது, காசு வாங்காதது, லாரிக்காரர்களிடம் வாங்குவது, கடலில் கேட்க நிறுவனம் எதையும் விற்பதில்லை என்பது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார். எங்கள் எல்லாரையும்விட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"ஓடி ஒளியற ஆளு மாதிரி தெரியல. கேஸு இருக்கு, கம்ப்யூட்டர் பெட்டி இங்கனயே இருக்கும். நோட்டீஸ் குடுத்து அனுப்புதேன். கூப்பிட்டா வரணும்."

ரிமாண்ட் வேண்டும் என்று வக்கீல் என்னென்னவோ சொன்னார். இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

அண்ணாச்சி நோட்டீஸை நான்காக மடித்துப் பையில் வைத்தார். என்னைத் தாண்டிப் போய் அப்பா முன்னால் நின்றார்.

"தண்டல், மவள நல்லாத்தான் படிக்க வச்சிருக்கீரு."

அப்பா தோளில் இருந்த செங்கல் தூசியைத் தட்டிவிட்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தார்.

என் வேலை போகவில்லை. நிரந்தரமாக்கும் கடிதம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சென்னையில் நடந்த கூட்டத்தில், சீல் வைத்த அந்தக் கணினியின் படத்தைத் திரையில் போட்டு, 'துறைமுக நடவடிக்கை' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். கைதட்டினார்கள். நான் கையைத் தூக்கி, இப்போது அந்தத் தோணிகளில் இருப்பவர்கள் நம் பாட்டை எப்படிக் கேட்கிறார்கள் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மேலாளர் அடுத்த படத்துக்குப் போனார். கூட்டம் முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர், "அவங்க கேட்கிறாங்களா இல்லையாங்கறது நம்ம கணக்குலயே வராதுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான்.

கடை இப்போதும் இருக்கிறது. போன் கண்ணாடியும் கவரும் சார்ஜரும் விற்கிறார். வாசலில் இருந்த எழுத்தின் மேல் வெள்ளை அடித்திருக்கிறது. வழக்கு நடக்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் அண்ணாச்சி கடைக்குள் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் கணக்கில் அது வேறு மாதிரி இருக்கும் என்பதும் தெரியும்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது தோணி கிளம்பத் தயாராக நின்றது. அம்மா கொடுத்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் போனேன். தூரத்திலேயே பாட்டுக் கேட்டது. எங்கள் நிறுவனத்தின் புதுப் பாட்டு, அந்தப் பெரிய படத்தினுடையது. இப்போதெல்லாம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று போய்விடுகிறது. பிடிக்க ஒரு கடைகூட இல்லை. பண்டாரி கூடவே பாடிக்கொண்டு வெங்காய மூட்டையின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தான்.

தோணியில் ஏறும் பலகையில் நான் கால் வைத்ததும் பாட்டு நின்றது. பண்டாரியும் நிறுத்திவிட்டான்.

அப்பா தூக்கை வாங்கிக்கொண்டார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

"பேட்டரி தீந்துட்டுளா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், தூக்குச் சட்டியைத் திறந்து, குழம்பு என்ன என்று பார்த்தார்.